நிறம் கூறும் சாட்சி

மணமக்களுக்கு ஆரத்தி எடுப்பதைக் காணாதவர் நம்மில் எவரும் இலர். தட்டில் நீர் வார்த்து மஞ்சள் தூளைக் கரைக்கின்றனர். அதில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் நீர் முழுவதும் சிவந்துவிடுகின்றது. சிவப்புப் பொடி எதுவும் அங்கே இடப்படவில்லை. மஞ்சளில் உள்ள சாயப்பொருள் சுண்ணாம்பின் காரத்தைச் சந்தித்ததும் தன் நிறத்தை மாற்றிக்கொண்டது, அவ்வளவே. நம் பாட்டிமார் பெயர் தெரியாமலே தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த இரசாயனச் சோதனை இது. 'இந்த நீரில் காரம் உண்டா?' என்னும் கேள்விக்கு மஞ்சள் தன் நிறத்தாலேயே விடை கூறுகின்றது.

இவ்விடையினால் நமக்கு என்ன பயன் என்று அங்கத்தினர் கேட்கலாம். பயன் உண்டு. சாயப்பட்டறையில் நூல் ஏன் மங்கியது, வெளுத்த நூல் ஏன் தறியில் அறுகின்றது, கடையில் வாங்கிய மயில்துத்தம் மெய்யானதா, உரமூட்டையில் இருப்பது மூட்டையின் மேல் எழுதியுள்ள பொருள்தானா என்பன நம் பணத்தையும் உழைப்பையும் தொடும் கேள்விகள். இவற்றுட் பலவற்றிற்கு முதல் விடையைத் தரவல்லது நிறமே. எனினும் நிறம் ஒரு சாட்சி, நீதிபதி அன்று. சாட்சியை எவ்வாறு விசாரிப்பது, எங்கே நம்புவது, எங்கே ஐயுறுவது என்பதையே இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நிறம் எங்கிருந்து வருகின்றது?

உப்பு ஒன்று நீரில் கரையும்போது அது மின்னேற்றம் பெற்ற நுண்துகள்களாகப் பிரிகின்றது. அவற்றை அயனிகள் என்பர். மயில்துத்தம் கரைந்தால் செம்பு அயனியும் சல்பேட் அயனியும் தனித்தனியே நீரில் உலவுகின்றன. வெயிலின் வெண்மையான ஒளியில் பல நிறங்கள் கலந்துள்ளன. அவற்றுள் சிவப்பைச் சார்ந்த பகுதியைச் செம்பு அயனி விழுங்கிக்கொள்கின்றது. எஞ்சிய நீலம் நம் கண்ணை வந்தடைகின்றது. இங்ஙனமே இரும்பு, குரோமியம், மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் முதலியவற்றின் அயனிகள் ஒளியில் ஒவ்வொரு பகுதியை எடுத்துக்கொண்டு தத்தமக்குரிய நிறத்தைக் காட்டுகின்றன.

அயனியின் சுற்றமும் நிறத்தை மாற்றும். மயில்துத்தக் கட்டி ஒன்றைப் பொடித்து மெல்லிய சூட்டில் வறுத்தால் அதிலுள்ள நீர் நீங்கி வெண்பொடியாகிவிடும். ஆறிய பின் ஒரு துளி நீர் விட்டால் மீண்டும் நீலமாகும். ஆகவே அந்த நீலம் செம்புக்கு மட்டும் உரியது அன்று. நீர் சூழ்ந்த செம்புக்கு உரியது. அதே கரைசலில் அம்மோனியா நீரை மிகுதியாகச் சேர்த்தால் கண்ணைப் பறிக்கும் ஆழ்ந்த நீலம் தோன்றும்.

ஓர் உலோகமே இருவேறு மின்னேற்றத்தில் இருவேறு நிறம் காட்டுவதும் உண்டு. புதிய அன்னபேதி இளம்பச்சையாக இருக்கும். அதில் இரும்பு இரு மின்னேற்ற நிலையில் உள்ளது. காற்றுப்படக் கிடந்தால் அது மும்மின்னேற்ற நிலைக்கு மாறி, மேற்புறம் மஞ்சளும் பழுப்புமாகத் துருவேறிவிடும். பழைய சரக்கா புதிய சரக்கா என்பதை அன்னபேதி தானே சொல்லிவிடுகின்றது.

நெசவாளர் கவனத்திற்கு

சாயமிடுவோர் முதலில் அறியவேண்டியது நீரின் குணம். சில கிணறுகளின் நீர் இறைக்கும்போது கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்; தொட்டியில் ஓர் இரவு நின்றால் அடியில் செம்பழுப்பு வண்டல் படியும். நிலத்தடியில் காற்றுப்படாமல் கரைந்திருந்த இரும்பு, காற்றுப்பட்டதும் துருவாக மாறிப் பிரிவதே இதன் காரணம். இத்தகைய நீரில் தோய்த்த வெளிர்நிறச் சாயங்கள் பொலிவிழந்து மங்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்கும்போது இரும்பு இருந்தால் தீங்கு இன்னும் பெரிது. இரும்புத்துகள் பட்ட இடங்களில் பெராக்சைடு விரைந்து சிதைந்து நூலிழையையே அரித்துவிடும். சாயக்காரரைக் குறைகூறி, நூல் கொடுத்தவரைக் குறைகூறி, கடைசியில் கிணற்றைக் கேளாமல் விட்டுவிடுவது நாம் அடிக்கடி செய்யும் பிழை.

கிணற்றைக் கேட்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கடுக்காய்த்தோலை நீரிலிட்டுக் காய்ச்சி வடித்த கஷாயத்தை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சம அளவாக எடுத்துக்கொள்க. ஒன்றில் கிணற்று நீரும் மற்றொன்றில் தூய மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீரும் சேர்த்துச் சிறிது நேரம் காற்றுப்பட வைக்க. கிணற்று நீர்க் குவளை கருநீலமாகவோ கருமையாகவோ மாறினால் அதில் இரும்பு மிகுந்துள்ளது என்று ஐயுறலாம். கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் கூடினால் கருமை பிறக்கும். முற்காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதும் மை கூட்டியது இந்த இயல்பைக் கொண்டே.

இரண்டாவது குவளை எதற்கு என்று கேட்கலாம். உயிர்நிலை அதுவே. நீரில் காரம் மிகுந்திருந்தாலும் கடுக்காய்க் கஷாயம் பழுப்பேறும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லையேல் பழுப்பையும் கருமையையும் கண் மயங்கிக் காணும். தெரிந்த பொருளோடு தெரியாத பொருளை அருகருகே வைத்துப் பார்ப்பதே நிறச் சோதனையின் முதல் விதி.

இரும்பு எப்போதும் பகை என்றும் எண்ணவேண்டா. தஞ்சைப் பகுதியின் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் ஆந்திரத்துக் காளத்தியிலும் கலம்காரி வரைவோர், இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு நீரிலிட்டுப் பல நாள் புளிக்கவைத்து அந்நீரைத் தொட்டுக் கோடு வரைகின்றனர். முன்னரே கடுக்காய்ப்பாலில் தோய்த்துக் காயவைத்த துணியில் எழுதுகோல் பட்ட இடமெல்லாம் கருமை பாய்கின்றது. படிகார நீர் தொட்ட இடம் பின்னர் சாயவேர் போன்ற சிவப்புச் சாயத்தில் காய்ச்சும்போது செந்நிறம் பெறுகின்றது. ஒரே துணியில் இரும்பு கறுப்பையும் அலுமினியம் சிவப்பையும் தருவதை நம் கைவினைஞர் அயனி என்னும் சொல் பிறக்கும் முன்னரே அறிந்திருந்தனர். அப்படிகாரத்தில் இரும்பு கலந்திருந்தால் சிவப்பு கறுத்துக் கெடும் என்பதும் அவர்கள் அறிந்ததே. படிகாரக் கரைசலில் சில துளி பொட்டாசியம் பெர்ரோசயனைடு விட்டுப் பார்த்தால், மும்மின்னேற்ற இரும்பு இருக்குமாயின் கடுநீலம் எழும். பெர்லின் நகரில் 1700களின் தொடக்கத்தில் கண்டறியப்பெற்றுப் 'பிரஷ்ய நீலம்' என்று உலகெங்கும் பெயர்பெற்ற வண்ணப்பொருள் இதுவே.

அடுத்து வெளுத்தல். பிளீச்சிங் பவுடரால் வெளுத்த நூலை நன்றாக அலசாவிட்டால் எஞ்சிய குளோரின் நூலுக்குள் தங்கி, அடுக்கி வைத்த இடத்திலேயே மெல்ல அதன் வலிமையை உண்டுவிடும். பாவு ஓட்டும்போது இழை அறுகின்றதே என்று நெசவாளர் வருந்துவர். இதனைத் தடுக்கும் சோதனை எளிது. சோற்றுக் கஞ்சியின் தெளிவில் சிறிது பொட்டாசியம் அயோடைடு கரைத்து வைத்துக்கொண்டு, கடைசி அலசல் நீரில் சில துளி காடியும் இக்கரைசலும் சேர்க்க. நீலம் தோன்றினால் குளோரின் இன்னும் இருக்கின்றது. குளோரின் அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்க, அது கஞ்சியோடு கூடி நீலமாகின்றது. அப்போது 'ஹைப்போ' இட்டு எஞ்சிய குளோரினை முறித்து மறுபடி அலசவேண்டும். நீலம் தோன்றாத வரையில் அலசுவதற்கு ஆகும் நீரின் செலவு, அறுந்த பாவின் செலவுக்கு முன் ஒரு பொருட்டன்று.

இதே நீலம் இன்னொரு கேள்விக்கும் விடை தரும். சாயமிடுமுன் துணியிலிருந்த கஞ்சிப்பசை முழுவதும் நீங்கியதா என அறிய, நீர்த்த அயோடின் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம். நீலக்கறை படிந்தால் மாவுப்பசை எஞ்சியுள்ளது. அவ்விடத்தில் சாயம் சீராக ஏறாது. ஆனால் நீலம் வராவிடில் பசையே இல்லை என்று முடிவுகட்டிவிடலாகாது. இந்நாளில் மாவல்லாத செயற்கைப் பசைகளும் பாவுக்கு இடப்படுகின்றன. மாவு உண்டா என்றுதான் நாம் கேட்டோம். அதற்கு மட்டுமே விடை கிடைத்தது. கேளாத கேள்விக்கு நிறம் பொறுப்பேற்காது.

பயிரிடுவோர் கவனத்திற்கு

மயில்துத்தம் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் திராட்சைத் தோட்டத்திற்கும் வேண்டிய சரக்கு. இதன் வரலாறும் நிறத்தோடு பின்னியது. பிரான்சு நாட்டின் போர்தோ பகுதியில் சாலையோரக் கொடிகளில் பழம் பறிப்போரை அச்சுறுத்த, தோட்டக்காரர்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலக் குழம்பைத் தெளித்து வைத்தனர். அக்கொடிகளை மட்டும் அடிச்சாம்பல் நோய் தாக்காதிருந்ததை 1882ஆம் ஆண்டில் மில்லார்டே என்னும் தாவரவியல் பேராசிரியர் கண்ணுற்று, ஆராய்ந்து, 1885இல் உலகுக்கு அறிவித்தார். திருடரை விரட்டிய நீலம் பூஞ்சணத்தையும் விரட்டியது. அதுவே இன்று நாம் தெளிக்கும் போர்டோக் கலவை.

நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ நல்ல சுண்ணாம்பு என்பது ஒரு விழுக்காட்டுக் கலவையின் அளவு. சுண்ணாம்பு பழையதாகி வலிமை குன்றியிருந்தால், கூடாத செம்பு கலவையில் எஞ்சி இலையைக் கருக்கிவிடும். தெளிக்குமுன் நன்கு தேய்த்த இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் தோய்த்து எடுக்க. கத்தியின் மேல் செந்நிறப் படலம் படிந்தால் செம்பு எஞ்சியுள்ளது. மேலும் சுண்ணாம்புப்பால் சேர்த்து, படலம் படியாத வரை சோதிக்கவேண்டும். கலவை கூட்ட இரும்புப் பாத்திரம் ஆகாது என்று சொல்வதும் இக்காரணத்தாலேயே.

வாங்கும் மயில்துத்தம் தூயதா என்பதற்கு அம்மோனியா சாட்சி. மலிவான அன்னபேதியை அதனுடன் கலந்தால் நீலக் கட்டிகளிடையே இளம்பச்சை எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. ஒரு சிட்டிகையை நீரில் கரைத்து அம்மோனியா நீரை மிகுதியாக விட்டால், செம்பு முழுவதும் ஆழ்ந்த நீலமாகக் கரைந்துவிடும். இரும்போ கரையாமல் அழுக்குப் பச்சையாகவோ பழுப்பாகவோ அடியில் தங்கும். தெளிந்த நீலமே நல்ல சரக்கின் அடையாளம்.

நிறம் பேசாத இடம்

எல்லா அயனிகளும் நிறம் காட்டுவதில்லை. சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் ஆகியவற்றின் அயனிகள் நிறமற்றவை. ஆதலால் சோற்றுப்பும் படிகாரமும் ஜிங்க் சல்பேட்டும் பேதி உப்பும் நீரில் ஒன்றுபோலவே தெளிந்து நிற்கும். மோசடிக்காரருக்கு வசதியான இடம் இதுவே. நெல்வயலுக்கு இடும் ஜிங்க் சல்பேட்டுக்குப் பதிலாக மலிவான மக்னீசியம் சல்பேட்டை விற்றால் கண் அதனைக் கண்டுபிடிக்காது.

இங்கே நம் சாயப்பட்டறையின் காஸ்டிக் சோடா உதவிக்கு வரும். கரைசலில் அதன் நீரைச் சிறிது சேர்த்தால் இரண்டிலும் வெண்மையான வண்டல் தோன்றும். மேலும் மேலும் சேர்த்துக் கலக்கினால் துத்தநாக வண்டல் கரைந்து மறையும்; மக்னீசிய வண்டல் கரையவே கரையாது. கரையாமல் பெருகி நின்றால் ஐயம் வலுத்தது என்று கொள்ளலாம். ஆனால் படிகார வண்டலும் காஸ்டிக் சோடாவில் கரையும். எனவே கரைந்தது என்பது மட்டும் துத்தநாகத்திற்கு நற்சான்று ஆகிவிடாது.

தீயில் தோன்றும் நிறம்

நீரில் பேசாதவற்றுட் சில தீயில் பேசும். உலை பொங்கி உப்புநீர் அடுப்பில் வழியும்போது சுவாலை மஞ்சளாவதைக் கண்டிருப்போம். அது சோடியத்தின் குரல். பொட்டாசியம் மெல்லிய ஊதா நிறமும், செம்பு பச்சையும், கால்சியம் செங்கல் நிறமும், ஸ்ட்ரான்சியம் செக்கச்சிவப்பும் தரும். வாணவேடிக்கையின் வண்ணங்கள் யாவும் இவ்வகையினவே. பச்சை ஒளி தந்த பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்த உச்சநீதிமன்றம் 2018இல் தடை விதித்தது.

சுவாலையிலும் ஓர் இடர் உண்டு. சோடியத்தின் மஞ்சள் மிகச் சிறிய அளவிலேயே எழுந்து பொட்டாசியத்தின் ஊதாவை மறைத்துவிடும். கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடி வழியே பார்த்தால் மஞ்சள் தடுக்கப்பட்டு ஊதா தென்படும். ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்துப் பேராசிரியர்களான புன்செனும் கிர்க்காஃபும் இதனினும் ஒரு படி மேலே சென்றனர். 1859ஆம் ஆண்டு முதல் அவர்கள் சுவாலையின் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு தனிமத்திற்கும் அதற்கே உரிய ஒளிக்கோடுகள் இருக்கக் கண்டனர். 1860இல் ஓர் ஊற்றுநீரில் எவரும் அறியாத நீலக் கோடுகளைக் கண்டு சீசியம் என்னும் புதுத்தனிமத்தையும், மறு ஆண்டில் செந்நிறக் கோடுகளைக் கொண்டு ருபீடியத்தையும் வெளிப்படுத்தினர்.

இதனால் நம் வயலுக்கு என்ன என்று கேட்பவர் தம் மண்வள அட்டையை எடுத்துப் பார்க்க. மண் பரிசோதனை நிலையங்களில் சாம்பல் சத்தை அளப்பது சுவாலை ஒளியின் அளவைக் கொண்டுதான். மணிச்சத்தை அளப்பதோ, மாலிப்டேட் சேர்த்தபின் எழும் நீலத்தின் ஆழத்தைக் கொண்டு. அட்டையில் காணும் எண்கள் ஒரு காலத்தில் நிறங்களாக இருந்தவையே.

நிறம் ஏமாற்றும் இடம்

பொட்டாஷ் உரம் செம்மையாக இருந்தால்தான் நல்லது என்று நம்புவோர் பலர். மெய்யோ வேறு. மூரியேட் ஆப் பொட்டாஷ் என்னும் அவ்வுப்பு இயல்பில் வெண்மையானது. சில சுரங்கங்களில் கிடைப்பதில் இரும்பின் துரு சிறிதளவு கலந்திருப்பதால் சிவப்புத் தோன்றுகின்றது. வெள்ளையும் சிவப்பும் ஒரே சத்துடையன. ஆனால் சோற்றுப்பில் செம்மண் சாயம் ஏற்றினாலும் அதே சிவப்பு வந்துவிடும் அன்றோ! நிறத்தை நம்பி வாங்குபவர் உப்பைக் காசு கொடுத்து வாங்கித் தம் நிலத்தைத் தாமே உவராக்கிக்கொள்வர்.

இன்னும் கொடிய சான்று ஒன்று. வங்காளதேசத்தில் மஞ்சளின் நிறத்தைப் பொலிவிக்க ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் நஞ்சைக் கலந்துவந்ததை ஆய்வாளர்கள் 2019இல் வெளிப்படுத்தினர். நல்ல மஞ்சளும் மஞ்சளே, நஞ்சும் மஞ்சளே. பளபளப்பைக் கண்டு விலை கூட்டிக் கொடுக்கும் வழக்கமே அக்கலப்படத்திற்கு ஊக்கம் தந்தது. மஞ்சள் விளைவிக்கும் நம் அங்கத்தினர் இதனை மறத்தலாகாது.

சங்கம் செய்யத்தக்கது

மேலே கூறியவற்றைத் தொகுத்துப் பார்த்தால் விதிகள் மூன்று. முதலாவது, தானே காட்டும் நிறத்தைவிட நாம் கேட்டபின் காட்டும் நிறமே நம்பத்தக்கது. இரண்டாவது, தெரிந்த பொருளை அருகில் வைத்து ஒப்பிடாமல் எந்தச் சோதனையையும் முடிக்கலாகாது. மூன்றாவது, ஒரு சோதனை ஐயத்தை எழுப்பலாம். தீர்ப்பை ஆய்வுக்கூடமே அளிக்கவேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985இன்படி மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் முறை உண்டு. ஐயம் எழுந்தால் மூட்டையைப் பிரித்து வீசாமல், சிட்டையோடு பத்திரப்படுத்தி வேளாண்மை அலுவலருக்கு அறிவிப்பதே முறை. வெறும் நிறத்தைச் சொல்லி ஒரு வணிகரைப் பழிப்பது நமக்கு அழகன்று.

ஒவ்வொரு சங்கத்திலும் சிறு பெட்டி ஒன்றில் கடுக்காய், அயோடின், பொட்டாசியம் அயோடைடு, அம்மோனியா நீர், காஸ்டிக் சோடா, சில கண்ணாடிக் குழாய்கள், நல்ல சரக்கின் மாதிரிகள் ஆகியவற்றைப் பெயரெழுதிப் பூட்டி வைக்கலாம். இவற்றுள் எதனையும் நாவில் வைத்துப் பார்த்தலாகாது. காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் சுடும், அம்மோனியா மூச்சைத் திணறச் செய்யும், மயில்துத்தம் நஞ்சு. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளை விலக்கிச் செய்க. சோதித்த நீரைக் கிணற்றங்கரையிலோ வாய்க்காலிலோ ஊற்றவேண்டா.

நெசவாளரின் கிணற்றைச் சோதிக்கும் கடுக்காய் வேளாண் அங்கத்தினர் வீட்டுக் கொல்லையிலிருந்து வரலாம். விவசாயியின் ஜிங்க் சல்பேட்டைச் சோதிக்கும் காஸ்டிக் சோடா சாயப்பட்டறையிலிருந்து வரும். இரு தொழிலாரும் ஒரே சங்கத்தில் இருப்பதன் சிறப்பு இதுவே. தனியொருவர் கண் மயங்கக்கூடும். பலர் கூடி, ஒப்பிட்டு, எழுதிவைத்துப் பார்க்கும் இடத்தில் நிறம் எளிதில் பொய் சொல்லாது. அடுத்த முறை சங்கக் கிடங்கில் புதிய மூட்டை ஒன்று இறங்கும்போது, அதன் நிறத்தைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், அதனிடம் ஒரு கேள்வியும் கேட்போமாக.